மூலவரின் மேசையில் ஒரு குளிர்ந்த போர்டு

அந்த அலுவலகத்தில் ‘அதெல்லாம் நடக்க வாய்ப்பே இல்லை’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். அவர் சொன்னால் அதுவே ஆதாரம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலின் முதல் வரியை எழுதியவர் என்பதால் அவருக்கு மூலவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் பொருந்தித்தான் போயிற்று. இருந்த இடத்தை விட்டு அவர் அசைவதில்லை. காரியம் ஆக வேண்டியவர்கள்தான் அவருடைய அறை வாசலில் போய் நின்று, அவர் கண் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சோதனைப் பிரிவில் இருந்த அவளுக்கு மூலவர் பதிலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: சந்தேகம். “என்ன, சந்தேகம் வந்தாச்சா?” என்று நடைவழியில் கேட்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரே நகைச்சுவைக்கு மூன்று வருடமாகச் சிரிக்க முடிகிறவர்களைத்தான் அவர் கூட வைத்துக்கொள்வார்.

அலுவலகத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் அவளுடைய நாத்தனாரின் கணவர். அண்ணா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். இந்த வேலைக்கு அவள் மூன்று தேர்வு எழுதியிருந்தாள், இரண்டு நேர்காணலில் வியர்த்திருந்தாள். ஆனாலும் குடும்பத்தில் அது ‘அவர் வாங்கிக் குடுத்த வேலை’. அவர் செய்தது இவ்வளவுதான்: விண்ணப்பம் அனுப்ப அலுவலக முகவரியைச் சொன்னார். அதிலும் கதவு எண் தப்பு.

அவர்கள் செய்தது மருத்துவமனைக் கருவி. செவிலியர் மேசையில் நிற்கும் ஒரு பெரிய திரை. அதில் எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படுக்கை நோயாளியின் இதயத் துடிப்பு பச்சைக் கோடாக ஓடும். துடிப்பு நின்றால் கோடு தட்டையாகும், மணி அடிக்கும். அந்தத் திரைக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாமல், மூலவரின் கர்னல் ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு கருவிகள் வெள்ளிக்கிழமை ஒரு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முந்தின நாள் அங்கிருந்து தலைமைச் செவிலி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை அவள் ஒரு புகாரைப் பதிவு செய்தாள்.

நோயாளிக்குப் பதிலாக அவளிடம் எட்டுச் சின்னப் பெட்டிகள் இருந்தன. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. ஒவ்வொன்றும் பொய்யாக ஒரு இதயத் துடிப்பைக் கருவிக்கு அனுப்பும். எந்தக் கோடு எந்தப் பெட்டியுடையது என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக, ஐந்தாம் படுக்கைக்கு அவள் ஒரு நொண்டித் துடிப்பைக் கொடுத்திருந்தாள். மூன்று அடித்து ஒன்றை விடும். நோயாளி வீட்டுக்குப் போவது, புதியவர் வருவது, துடிப்பு நிற்பது என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. அப்படி ஓட்டும்போது மூன்றாம் படுக்கையின் இதயத்தை நிறுத்தினாள். கோடு தட்டையாகவில்லை. மணி அடிக்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் ஒரு பச்சைக் கோடு அழகாக ஓடியது. மூன்று அடித்து ஒன்றை விட்டது.

செத்தவனின் கட்டத்தில் ஐந்தாம் படுக்கைக்காரனின் இதயம், பதினோரு விநாடி. பிறகுதான் கோடு தட்டையாகி மணி அடித்தது. நானூறு முறை ஓட்டியதில் மூன்று முறை இப்படி.

“நானூறுல மூணு” என்றார் மேலாளர், அது நல்ல மதிப்பெண் என்பதுபோல. பத்து வருடமாகச் சொந்தக் கருத்து எதையும் வெளியே விடாமல் பதவியைக் காப்பாற்றி வந்தவர் அவர். “அவர்கிட்ட கேட்டுடுவோமே.”

கேட்கப் போனார்கள். மூலவர் நாற்காலியைத் திருப்பாமலே புகாரைப் படித்தார்.

“பேஜ் டேபிள்னா என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?”

“தெரியும்ணா.”

“தெரிஞ்சா இப்படி எழுதியிருக்க மாட்ட” என்று சொல்லி, அவளுக்குத் தெரிந்ததை அவளுக்கே விளக்கினார். மேலாளர் பக்தியோடு கேட்டுக்கொண்டார்.

விஷயம் சிக்கலானதல்ல. எந்தச் செயலிக்கும் தன் தரவு உண்மையில் நினைவகத்தின் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாது. கர்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் முகவரியைக் கொடுத்து வைத்திருக்கும். பொய் முகவரிக்கு எதிரே மெய்யான இடத்தை எழுதி வைத்த பட்டியல்தான் பேஜ் டேபிள். ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் புரட்டினால் நேரம் போகும். அதனால் பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோர்களும் தாங்கள் அண்மையில் பார்த்த வரிகளை ஆளுக்கொரு கைக்குறிப்பாக வைத்துக்கொள்ளும். வினை அங்கேதான். கர்னல் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் நான்கு கோர்களிடமும் ‘பழைய குறிப்பைக் கிழித்துப் போடு’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், விஷயம் தெரியாத கோர் பழைய இடத்துக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அங்கே அதற்குள் வேறு யாராவது குடிவந்திருப்பார்கள்.

“அதான் நானும் எழுதியிருக்கேன்” என்றாள் அவள். “மூணாம் படுக்கைக்குப் புது இடம் குடுக்கிறப்போ, ஏதோ ஒரு கோருக்குச் சொல்லாம விட்டுப் போகுது. மூணோட பழைய இடம் அஞ்சுக்குப் போயிடுது. அந்தக் கோர் மூணுன்னு நினைச்சு அஞ்சைப் படிக்குது.”

“யார் சொல்லாம விடறது?”

“கர்னல்.”

“கர்னல் யார் எழுதினது?”

மேலாளர் தரையைப் பார்த்தார்.

“நான் சொல்லாம விடுவேனா? பத்தொம்பது இடத்துல சொல்லியிருக்கேன், எண்ணிப் பாரு” என்றார் மூலவர். “அதெல்லாம் நடக்க வாய்ப்பே இல்ல. நீ வயரை மாத்திக் குத்தியிருப்ப.”

அன்று மாலையே அவளுடைய சோதனையைத் தன் மேசையில் இருந்த போர்டில், அதாவது கருவிக்குள் இருக்கும் அதே மின்சுற்றுப் பலகையில், ஆயிரம் முறை ஓட்டினார். செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் முழுவதற்கும் ஒரு வரி அனுப்பினார்: ‘ஆயிரத்துக்குப் பூஜ்யம்.’ கீழே ஒரு சிரிப்புப் படம். நகைச்சுவைக்குச் சிரிப்பவர்கள் பதினாறு பேர் அதை ஆமோதித்தார்கள்.

அவள் வயர்களைக் கழற்றி வண்ண நாடா சுற்றி மறுபடி குத்தினாள். ஐந்நூறு முறை ஓட்டினாள். நான்கு முறை வந்தது. பெட்டிகளை மாற்றினாள், வேறு போர்டை வாங்கி வந்து வைத்தாள். அதிலும் வந்தது. மூலவர் இன்னொரு ஆயிரம் ஓட்டினார். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை மாலை சமையலறையில் அவள் கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றான். அவன் செருமினாலே அக்கா பேசியிருக்கிறாள் என்று அர்த்தம்.

“அக்கா போன் பண்ணா.”

“சொல்லு.”

“அத்தான் ரொம்ப வருத்தமா இருக்காராம். வேலை வாங்கிக் குடுத்தவர் மேலயே புகார் எழுதினா எப்படி இருக்கும்னு...”

“நான் கர்னல் மேல எழுதினேன்.”

“அவருக்கு ரெண்டும் ஒண்ணுதானே.”

அதுவரை அவன் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். ஆனால் அவன் அங்கே நிறுத்தவில்லை.

“ஒருவேளை உன் பக்கம் ஏதாவது தப்பு இருந்தா? ரெண்டாயிரம் தடவை ஓட்டியிருக்காராமே. வாபஸ் வாங்கிடேன். வீட்டுக்குள்ள எதுக்கு?”

அவள் அடுப்பை அணைத்தாள். மணிக்கட்டில் ஒரு பழைய சூட்டு வடு இருந்தது. சோதனைப் போர்டு சுட்டது. ஓடுகிற போர்டைத் தொட வேண்டியிருந்தால் மடித்த துணியை வைத்துத்தான் தூக்குவாள். அந்த வடுவைத் தேய்த்துக்கொண்டே கணவனுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னாள்: பொய் முகவரி, கைக்குறிப்பு, மூன்றாம் படுக்கை, கையைச் சுடும் போர்டு. அவன் தலையை ஆட்டியபடி போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கேட்கச் சகிக்காததாக இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பூஜ்யம். தான் ஒருத்தி மட்டும் பேயைப் பார்த்தவள்போல அலைவதாகத் தோன்றியது. மூலவரை மதித்ததால் வந்த சந்தேகம் அல்ல அது. மூன்று வருடமாக ஒரே பெயரால் கூப்பிடப்பட்டால் கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, புகாரை மூடும் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு அவள் மூலவரின் அறைக்குப் போனாள். அதில் அவருடைய சுருக்கொப்பம் வேண்டும். அவர் ஜன்னலோரம் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசையைக் காட்டி, வை என்று சைகை செய்தார்.

மேசையில் இடமில்லை. நடுவில் அவருடைய போர்டு கிடந்தது. காலையிலிருந்து அவளுடைய சோதனையைத்தான் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் எண்ணிக்கை அறுநூற்று நாற்பது, பிழை பூஜ்யம். படிவத்தை வைக்க அவள் யோசிக்காமல் போர்டைக் கையால் நகர்த்தினாள். தொட்ட பிறகுதான் துணி இல்லாமல் தொட்டது உறைத்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

சுடவில்லை.

மறுபடி தொட்டாள். உள்ளங்கையை முழுவதுமாக வைத்தாள். இரவெல்லாம் வெளியே நின்ற தண்ணீர்க் குடம்போலக் குளிர்ந்திருந்தது. இதே போர்டு, இதே சோதனை, அவள் மேசையில் அரை மணி நேரத்தில் தோலைக் கருக்கும்.

மூலவர் போனை வைத்துவிட்டு வந்தார். படிவத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெருந்தன்மை பரவியது. “பரவாயில்லம்மா. தப்புன்னு ஒத்துக்கிட்டாலே பாதி கத்துக்கிட்ட மாதிரி.”

“அண்ணா, உங்க போர்டு ஏன் சுடல?”

“எது?”

“என்னோடது கைய வைக்க முடியாது. இது ஜில்லுனு இருக்கு.”

“ஓ, அதுவா” என்று உட்கார்ந்தார். கேள்வி கேட்கத் தெரியாதவளுக்குப் பதில் சொல்லும் சலிப்பு குரலில் இருந்தது. “நாலு கோரும் ஒரே நேரத்துல பேசினா ஓடறதைப் பதிவு பண்ற லாக்ல வரியெல்லாம் கலந்துடும், மனுஷன் படிக்க முடியாது. அதனால மூணை அணைச்சு வச்சிருக்கேன். ஒண்ணுதான் ஓடும். எட்டு வருஷமா என் மேசையில அப்படித்தான்.”

சொன்னதை அவர் காது கேட்கவில்லை என்பதுதான் அவளை அசத்தியது.

“ஒரு கோர்தான் ஓடுதுன்னா” என்று மெதுவாகச் சொன்னாள், “சொல்லாம விட வேற கோரே இல்லையேண்ணா.”

“கர்னல் ஒண்ணுதானேம்மா? ஒரு கோர்ல சரியா இருந்தா நாலுலயும் சரியாத்தான் இருக்கும்.”

ஆளில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, இந்த வீட்டில் சண்டையே வந்ததில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அதைச் சொல்லத்தான் மாதாமாதம் சம்பளத்தோடு அவருக்கு அறை, நாற்காலி, கண்ணாடிக் கதவு எல்லாம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவள் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“ஒப்பம் வேணாமா?”

“வேணாம்ணா.”

பதினோரு மணிக்குக் கூட்டம். தலைமைச் செவிலி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கைக்கடிகாரத்தைச் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்தார். மேலாளர் அவருக்கு நாற்காலியை மூன்று விதமாகத் திருப்பிப் போட்டுக் காட்டினார். மூலவர் கருவியின் பெருமையைச் சொல்லத் தொடங்கி, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய முதல் வரியிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஏழாவது வருடத்தைத் தொடும்போது செவிலி குறுக்கிட்டார்.

“ஏதோ ஒரு புகார் இருக்கிறதா பட்டியல்ல பார்த்தேனே. அது என்ன?”

“அது மூடியாச்சு சிஸ்டர்” என்றார் மேலாளர்.

“மூடல” என்றாள் அவள்.

மேலாளரின் கண்கள் மூலவரைத் தேடின. அவள் யாருடைய கண்ணுக்கும் காத்திருக்கவில்லை. தன் கருவியை ஏற்கெனவே கொண்டுவந்து மூலையில் வைத்து, எட்டுப் பெட்டிகளையும் குத்தி வைத்திருந்தாள். சோதனையை ஓடவிட்டாள். ஐந்தாம் கட்டம் நொண்டியது. மூன்றாம் இதயம் நின்றது, கோடு தட்டையானது, மணி அடித்தது. மறுபடி. மறுபடி. நாற்பது நிமிடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மேலாளர் இரண்டு முறை காபி வேண்டுமா என்று கேட்டார். மூலவர் புன்னகையோடு கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். “எவ்வளவு நேரம்மா எல்லாரும் சும்மா உக்காந்திருக்கிறது?”

“உங்களுக்கு அவசரம்னா நீங்க போகலாம் சார்” என்றார் செவிலி. “எனக்கு ராத்திரி பூரா உக்காந்து திரையைப் பார்த்துப் பழக்கம்.”

நூற்றுப் பன்னிரண்டாவது முறை மூன்றாம் இதயம் நின்றது. மூன்றாம் கட்டத்தில் கோடு ஓடியது. மூன்று அடித்து ஒன்றை விட்டது.

செவிலி எழுந்து திரையருகே போனார். கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்து வாய்விட்டு எண்ணினார். ஒன்பதில் மணி அடித்தது.

“இது யாரோட துடிப்பு?”

“அஞ்சாம் படுக்கையோடது.”

“மூணாம் படுக்கைக்காரர்?”

“அவருக்கு நின்னு ஒன்பது செகண்ட் ஆச்சு.”

“ஹார்டுவேர் பிரச்சினை” என்றார் மூலவர் உடனே. “போர்டு சூடாகி எதையாவது உளறும். என் போர்டுல வரவே இல்ல.”

அவள் கருவியை அணைத்து, தொடக்க அமைப்பில் ஒரு எண்ணை மாற்றி, மறுபடி ஏற்றினாள். “இப்ப ஒரு கோர்தான் ஓடுது. அண்ணாவோட மேசையில இருக்கிற மாதிரி.” இருநூறு முறை ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. எண்ணை நான்காக்கினாள். அறுபதாவது முறையிலேயே வந்தது.

செவிலி மேலாளரைப் பார்த்தார். “எங்க வார்டுக்கு வர்ற மிஷின்ல எத்தனை கோர்?”

மேலாளருக்குப் பத்து வருடத்தில் முதல் முறையாகத் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. “நாலு.”

“அப்ப இவ்வளவு நாளா சார் சோதிச்சது யாரோட மிஷின்?”

செவிலி பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். “சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா நான் போடுறேன். மத்தவங்க போட்டது வேணாம்.”

பிழையைக் கண்டுபிடிக்க அன்று பிற்பகல் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. பேஜ் டேபிளில் வரியை மாற்றும் இடங்கள் இருபது. பத்தொன்பதில் எல்லாக் கோர்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது. இருபதாவது இடத்தில், ஒரு படுக்கையின் தரவை இடம் மாற்றும்போது, மாற்றுகிற கோர் தன் குறிப்பை மட்டும் கிழித்துக்கொண்டு சும்மா இருந்தது. மேலே ஒரு குறிப்பு: ‘மற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.’ அடியில் மூலவரின் சுருக்கொப்பம், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அப்போது போர்டில் இருந்ததே ஒரு கோர்தான். அன்றைக்கு அது சரி. பிறகு நான்கு கோர் போர்டு வந்தபோது மற்ற இடங்களைத் திருத்தியவர் இதை மட்டும் விட்டுவிட்டார். விட்டது அவருக்குத் தெரிய வழியில்லை. அவருடைய மேசையில் உலகம் ஒரு கோரோடு நின்றுவிட்டிருந்தது.

திருத்தம் ஒரே வரி. எழுதியவர் அவர்தான். திருத்தத்துக்குத் தலைப்பாக அவர் கொடுத்தது: ‘வேகத்தை மேம்படுத்தும் சிறு மாற்றம்.’ உண்மையில் அந்த வரி வேகத்தைக் குறைத்தது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. நான்கு பேரிடம் சொல்லக் கொஞ்சம் நேரமாகும் அல்லவா?

ஒப்புதல் அவளுடையது. திருப்பி அனுப்பியிருக்கலாம். தலைப்பை மாற்றச் சொல்லி நான்கு நாள் அலைக்கழித்திருக்கலாம், அவருக்கு வேண்டியதுதான். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் எட்டுப் படுக்கைகள் இருந்தன. நான்கு கோர்களோடு இரண்டு நாள் இடைவிடாமல் ஆறாயிரம் முறை ஓட்டினாள். பூஜ்யம். போர்டு சுட்டது. சனிக்கிழமை மதியம் கையெழுத்திட்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘நான்கு கோர்களில் சோதிக்கப்பட்டது.’

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. கணவனின் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்காகத்தான் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மூலவர் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர்ச் செம்போடு வரும்போது கதை பாதியில் இருந்தது.

“...யாருக்கும் பிடிபடல சித்தப்பா. பெரிய பெரிய ஆளுங்க தலையைப் பிச்சுக்கிறாங்க. நான் சத்தம் போடாம போனேன். போர்டு மேல இப்படிக் கைய வச்சேன்.” உள்ளங்கையை மேசைமேல் பரப்பிக் காட்டினார். “சூடே இல்ல! ஜில்லுனு இருக்கு! அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“அடேயப்பா” என்றார் சித்தப்பா. “கைய வச்சே கண்டுபிடிச்சிட்டீங்களா!”

“அனுபவம்தான், வேற என்ன?”

“அவருக்குக் கையிலயே கண்ணு” என்றாள் நாத்தனார், குழம்பை ஊற்றிக்கொண்டே.

அவள் செம்பைப் பிடித்தபடி நின்றாள். யோசனையை எடுத்துக்கொண்டது சரி, அது எங்கேயும் நடப்பதுதான். கையையுமா எடுத்துக்கொள்வான் ஒரு மனிதன்? கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. மூன்று வருடமாகச் சுமந்த ஏதோ ஒன்று, பயமோ மரியாதையோ, இருந்த இடம் தெரியாமல் காலியாகிக் கிடந்தது.

எதிர்ப்பக்கம் போனைத் தள்ளிக்கொண்டிருந்த அவள் கணவன் நிமிர்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எந்த போர்டு அத்தான்?”

“என்னடா?”

“இல்ல, இவளோட போர்டு கைய வைக்க முடியாம சுடும்னு சொன்னா. அங்கதான் தப்பு வந்துச்சாம். ஜில்லுனு இருந்தது எது? அது யாரோட போர்டு?”

அவன் முகத்தில் குறும்பு எதுவும் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போல இருந்தான். புதன்கிழமை மாலை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தானா?

மூலவர் மேசைமேல் பரப்பிய கையை மெதுவாக எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்களேன்” என்றாள் நாத்தனார், ஒன்றும் புரியாமல், கணவருக்கு இன்னொரு பெருமைக்கு வழி திறந்துவிடும் ஆசையில். “தம்பி கேக்கிறான் இல்ல? யாரோட போர்டு அது?”

“அது ஆபீஸ் போர்டு” என்றார் மூலவர். “தண்ணி குடும்மா.”

அவள் அவருடைய டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள்.